பேர் விழாத வேலை: 'பேக் 4 பிளட்' விளையாட்டின் தனியாட்டம்

2021 ஒக்டோபர் 12ஆம் திகதி வெளியான 'பேக் 4 பிளட்' என்னும் ஸொம்பி சுடும் விளையாட்டை, கொழும்பில் வேலை செய்யும் என் தம்பி தன் வங்கி அட்டையில் வாங்கித் தந்தான். விலை 60 டொலர். அன்றைய மாற்று விகிதத்தில் ஏறக்குறைய 12,000 ரூபா. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அதே வருடம் மார்ச் மாதத்தில்தான் 1,000 ரூபாவாக ஆக்கப்பட்டிருந்தது. ஆகவே கொழுந்தெடுக்கப் போகும் எங்கள் அம்மாவின் பன்னிரண்டு முழுப் பேர் ஒரு விளையாட்டுக்குள் போய்விட்டது என்று வீட்டில் கணக்குப் பார்த்துச் சிரித்தோம். பணம் தம்பியுடையதுதான் என்றாலும், எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எந்தப் பொருளின் விலையும் கடைசியில் பேர்க் கணக்கில்தான் வந்து நிற்கும். மலையகத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நாள் வேலை செக்ரோல் என்னும் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் பதிவாவதைத்தான் நாங்கள் பேர் என்கிறோம். தோட்டம் விதித்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான் விழும். இந்தச் சொல்லை இங்கேயே விளக்கிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்த விளையாட்டின் தனியாட்டத்தில் எனக்கு ஏற்பட்ட மனக்குறையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

நான் எழுதப்போவது தனியாட்டத்தைப் பற்றி மட்டுமே. நான்கு பேர் ஒன்றுசேர்ந்து இணையத்தில் ஆடும்போது இது எப்படிப்பட்ட விளையாட்டு என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள், அவர்களில் பெரும்பாலானோர் சொன்ன நல்ல வார்த்தைகளோடு எனக்குப் பெரிய பிணக்கும் இல்லை. ஆனால் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்துகொண்டு இதை ஆடுபவனுக்கு நான்கு பேர் எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் முதற்கேள்வி. என்னோடு சாதாரண தரப் பரீட்சை எழுதியவர்களில் பாதிப் பேர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் நிற்கிறார்கள். ஒருவனுக்கு இரவு வேலை, மற்றவனுக்கு ஞாயிறும் வேலை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் இரவு மாதத்துக்கு ஒன்று வாய்த்தால் அதிகம். அப்படி வாய்க்கும் இரவிலும், ஜன்னல் விளிம்பில் நிறுத்திவைத்த கைபேசியின் ஹொட்ஸ்பொட்டை நம்பித்தான் என் கணினி இணையத்தோடு பேச வேண்டும். மழை இறங்கி, எதிர்மலை தெரியாமல் மூடுபனி கட்டிவிட்டால், வாட்ஸ்அப்பில் ஒரு குரற்பதிவை அனுப்புவதற்குப் போதுமான கவரேஜ் இருக்கும், பாய்ந்து வரும் ஒரு ஸொம்பியைச் சரியான கணத்தில் சுடுவதற்குப் போதாது. எனவே தனியாட்டம் என்பது என்னைப் போன்றவர்களுக்கு உபரியாகக் கிடைக்கும் பகுதி அன்று. கொடுத்த காசுக்கு நாங்கள் பெறும் விளையாட்டே அதுதான்.

இதை உருவாக்கிய டர்ட்ல் ரொக் ஸ்டூடியோஸ் புதியவர்கள் அல்லர். 2008இல் வெளிவந்து, நால்வர் கூடி ஸொம்பிகளை எதிர்க்கும் ஆட்ட வகைக்கே அச்சாக அமைந்த 'லெஃப்ட் 4 டெட்' அவர்களுடைய கையில் பிறந்தது. அதே வருடத் தொடக்கத்தில் அந்த நிறுவனத்தை வால்வ் என்னும் பெரிய விளையாட்டு நிறுவனம் வாங்கிக்கொண்டது, 2010இல் அவர்கள் மீண்டும் தனி நிறுவனமாக வெளியே வந்தார்கள். புதிய விளையாட்டின் பெயரிலேயே நடுவில் ஒரு 4 உட்கார்ந்திருப்பதால் பழைய உறவை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஹட்டன் நகரத்தில் அந்நாளில் இருந்த ஒரு கேம் கடையில், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து நான் 'லெஃப்ட் 4 டெட் 2' பழகியவன். பிற்காலத்தில் அதே விளையாட்டை வீட்டுக் கணினியில் தனியாக, இணையமே இல்லாமல், கணினியே இயக்கும் தோழர்களான மூன்று பொட்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு எத்தனை இரவுகள் ஆடினேன் என்று எண்ணவில்லை. அதனால்தான் புதியதன் தனியாட்டத்தை நான் நம்பிக்கையோடு திறந்தேன்.

திறந்தவுடன் கண்ட முதற் குறை, தனியாக ஆடுவதற்கும் இணையம் வேண்டும் என்பது. வெளியான காலத்தில் இந்த விளையாட்டுக்கு ஒஃப்லைன் வழியே இல்லை. எனக்குத் துணையாக வருபவை மூன்றும் பொட்கள், எதிரே வருபவை அனைத்தும் கணினி இயக்கும் உருவங்கள், எந்த மனிதரும் இந்த ஆட்டத்துக்குள் நுழையப்போவதில்லை. ஆயினும் இணைப்பு அறுந்தால் ஆட்டமும் அறுந்துவிடும். வீட்டுக்குள் தனியாகச் சோறு சாப்பிடுவதற்கு டவுனிலிருந்து அனுமதி வர வேண்டும் என்பதைப் போன்ற ஏற்பாடு இது.

அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இரண்டாவது குறை, அதை விளங்கிக்கொள்ள இந்த விளையாட்டின் அட்டை முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பழைய விளையாட்டிலிருந்து இது பெரிதும் வேறுபடும் இடம் அதுவே. ஆடுபவர் பதினைந்து அட்டைகள் கொண்ட ஒரு கட்டைத் தாமே அடுக்கிக்கொள்கிறார். ஓர் அட்டை ஓட்டத்தைக் கூட்டும், ஓர் அட்டை கத்தியால் வெட்டுவதற்கு வலுக்கொடுக்கும், இன்னொன்று மருந்திடும் வேகத்தைக் கூட்டும். சில அட்டைகள் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைப் பிடுங்கும். அத்தியாயங்களை முடிக்க முடிக்க 'சப்ளை பொயின்ட்' என்ற புள்ளிகள் சேரும், அந்தப் புள்ளிகளைச் செலவழித்தே புதிய அட்டைகளையும் உடைகளையும் பெற முடியும். மறுபுறம், கேம் டைரக்டர் எனப்படும் கணினி மூளை தன் பங்குக்குக் கெடுதல் அட்டைகளை ஒவ்வோர் அத்தியாயத்தின் தொடக்கத்திலும் விரிக்கும். அவற்றில் ஒன்று களமெங்கும் மூடுபனியைப் பரப்பிவிடும். (எங்களூரில் அதற்கு யாரும் அட்டை போடத் தேவையில்லை.) தோற்றாலும் நாலு புள்ளி சேர்ந்தது, அந்தப் புள்ளியால் ஓர் அட்டை கிடைத்தது, அந்த அட்டையால் அடுத்த முறை இன்னும் கொஞ்சத் தூரம் போகலாம் என்ற ஏற்றந்தான் இந்த விளையாட்டின் முதுகெலும்பு. மறுபடி மறுபடி அதே தெருவிலும் அதே சுரங்கத்திலும் நடப்பதற்கு ஒரு நியாயம் வேண்டுமல்லவா? அந்த நியாயம் இந்த ஏற்றத்தில் இருக்கிறது.

வெளியானபோது தனியாட்டத்தில் இந்த ஏற்றம் அடியோடு இல்லை. தனியாக ஆடி முடித்த அத்தியாயத்துக்குச் சப்ளை பொயின்ட் கிடையாது, சாதனைப் பதக்கங்கள் கிடையாது, எத்தனை பேரைச் சுட்டோம் என்ற புள்ளிவிபரக் கணக்கில்கூட அது சேராது. நாள் முழுதும் மலையேறிக் கொழுந்து பறித்துத் தராசில் நிறுத்த பிறகு, "நீ தனியாகத்தானே பறித்தாய், உனக்குப் பேர் இல்லை" என்று சொல்லி அனுப்பினால் எப்படி இருக்கும்? அரைப்பேர் போட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்திருப்போம். அட்டைகளைத் தனியாட்டத்தில் ஆரம்பத்திலேயே திறந்து வைத்திருந்தது ஒரு சலுகைபோலத் தோன்றலாம். ஆனால் எல்லாம் கையில் இருந்து, எதையும் சம்பாதிக்க வழியில்லை என்றால், அது ஒரு பயிற்சிக் கூடமே. இணையத்தில் ஆடுபவர்களின் அதே துப்பாக்கியை அதே தெருவில் அதே அளவு அச்சத்தோடு தூக்கி நடந்தவனை, பதிவேடு பார்க்கவே மறுத்துவிட்டது.

'லெஃப்ட் 4 டெட் 2' இந்த இடத்தில் ஏன் தப்பித்தது என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. அதன் பொட்கள் மேதைகள் அல்ல. நாம் ஒரு குண்டை எறிந்தால் அவை எறியா, கதவருகே காவல் நின்று வழி மறிக்கும். ஆனால் 2009இல் வந்த அந்த விளையாட்டில் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. அட்டை இல்லை, புள்ளி இல்லை, ஏணி இல்லை. நால்வரோடு ஆடியவனும் தனியாக ஆடியவனும் ஆட்டம் முடிந்ததும் ஒரே வெறுங்கையோடுதான் எழுந்தார்கள், இருவருக்கும் கிடைத்தது அந்த ஒரு மணி நேரம் மட்டுமே. புதிய விளையாட்டு ஓர் ஏணியைக் கட்டி, ஆட்டத்தின் சுவை முழுவதையும் அந்த ஏணியின் மேற்படிகளில் வைத்துவிட்டு, தனியாக வருபவன் அருகில் வந்ததும் ஏணியை எடுத்துக்கொண்டது. தொழில்நுட்பத்தில் பன்னிரண்டு வருடம் முன்னே போன விளையாட்டு, தனியாளை மதிப்பதில் பன்னிரண்டு வருடம் பின்னே போனது இப்படித்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வெளியான நாட்களிலேயே இதைப் பற்றி உலகெங்கும் முறைப்பாடு எழுந்தது, உருவாக்கியவர்களும் செவிசாய்த்தார்கள். அதே 2021 டிசம்பரில் வந்த புதுப்பிப்பில் ஒஃப்லைன் தனியாட்டம் சேர்க்கப்பட்டது. அதில் ஆடினால் புள்ளிகளும் சேர்ந்தன. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இதைச் செய்ததைக் குறைத்துப் பேச மாட்டேன். 2022 தொடக்கத்தில் நாடு முழுதும் மின்வெட்டு வந்து, மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதிக்கு ஒதுக்கிய ஆங்கில எழுத்தைப் பார்த்துத்தான் சோறாக்குவதா கணினியைப் போடுவதா என்று முடிவெடுத்த காலத்தில், இந்த ஒஃப்லைன் வழி உண்மையாகவே உதவியது. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் இருட்டில் கிடந்தோம். மின்சாரம் வந்தாலும் கைபேசிக் கோபுரம் உயிர்பெற நேரமெடுக்கும். அந்த இடைவெளியில் இணையம் கேட்காமல் ஓடும் விளையாட்டு எதுவோ அதுவே நல்ல விளையாட்டு.

ஆனால் பேர் விழத் தொடங்கிய பிறகுதான் வேலையே எனக்கு உறைத்தது. அதுவரை எல்லாக் குறையையும் அந்தப் பதிவேட்டின் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன். பதிவேடு சரியானதும், இந்த விளையாட்டின் ஒவ்வோர் அத்தியாயமும் நான்கு மனிதரை மனத்தில் வைத்தே வெட்டித் தைக்கப்பட்ட சட்டை என்பதும், தனியாளுக்காக அதை எங்கேயும் பிடித்துத் தைக்கவில்லை என்பதும் தெளிவாகத் தெரிந்தது.

ஓர் இடத்தை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். முதலாம் பாகத்தில் 'பார் ரூம் பிளிட்ஸ்' என்றோர் அத்தியாயம் வருகிறது. ஒரு மதுச்சாலைக்குள் புகுந்து, அங்கேயுள்ள ஜூக்பொக்ஸை உரக்க ஒலிக்கவிட்டு, அந்தச் சத்தத்துக்கு ஊரிலுள்ள பிணங்களையெல்லாம் தம் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வேறிடத்தில் மாட்டிக்கொண்ட மக்கள் தப்பிப் போவார்கள். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஆடியபோது இந்த விளையாட்டிலேயே எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஒருவன் முன்கதவைப் பிடித்துக்கொண்டான், ஒருவன் ஜன்னலோரம் முள்ளுக்கம்பி விரித்தான், இன்னொருவன் "மச்சான், பின்னால வருது, பின்னால!" என்று ஹெட்செட்டில் கத்தினான், பாட்டுச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. அந்தக் கத்தல்தான் அந்த அத்தியாயம். அதே மதுச்சாலையில் தனியாக நின்றபோது, மூன்று பொட்களும் நான் நிற்கும் இடத்தைச் சுற்றியே நின்றன. நான் முன்கதவுக்கு நகர்ந்தால் மூன்றும் முன்கதவுக்கு வந்தன, பின்பக்கம் ஓடினால் மூன்றும் பின்னால் ஓடிவந்தன. "நீ அந்த ஜன்னலைப் பார்த்துக்கொள்" என்று சொல்ல ஒரு பொத்தானும் இல்லை. நால்வருக்கென்று திறந்துவிடப்பட்ட வாசல்கள் அத்தனையும் அப்படியே திறந்திருக்க, நாங்கள் நால்வரும் ஒரே குடைக்குள் ஒதுங்கியவர்களைப் போல நடுவில் குவிந்து நின்றோம். வென்றோம் என்பது வேறு விடயம். எளிய நிலையில் பொட்கள் நன்றாகவே சுடும், நான் கீழே விழுந்தால் ஓடிவந்து தூக்கியும் விடும். ஆனால் அந்த வெற்றியில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், நின்றேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அட்டைகளிலும் இதே கதைதான். 'சரிடபிள் சோல்' என்றோர் அட்டை உண்டு. தோழருக்கு மருந்திட்டால் அதன் பலனில் ஒரு பகுதி நமக்கும் சேரும். நான்கு மனிதர் இருக்கும்போது அந்த ஓர் அட்டையால் ஒருவன் மருத்துவனாகவே மாறிவிடுவான். மற்றவர்கள் அவனைக் காப்பாற்றுவதற்காகத் தங்கள் கட்டுகளை மாற்றியடுக்குவார்கள். யாருக்கு மருந்து, யாருக்குத் தோட்டா என்று பாதுகாப்பறைக்குள் சந்தைபோலப் பேரம் நடக்கும். தனியாட்டத்தில் பேரம் பேச எவருமில்லை. அணியையே முன்னிறுத்தும் அட்டைகளை ஒதுக்கிவிட்டு, சொந்த உடலையும் சொந்தத் துப்பாக்கியையும் தடிக்கவைக்கும் அட்டைகளை மட்டுமே அடுக்கிக்கொள்கிறோம். இத்தனை அட்டைகளுக்குள் தனியாளுக்கென்று ஒரு தனி நடை, ஒரு தனித் தந்திரம் வகுக்கப்பட்டிருந்தால் நான் இந்த மதிப்புரையை வேறு தொனியில் எழுதியிருப்பேன். எட்டுப் பாத்திரங்களிலும், 'மொம்' என்னும் அம்மாவோ, மட்டையோடு திரியும் ஹொலியோ, எதையும் சதியாகவே பார்க்கும் ஹொஃப்மனோ, யாரைத் தெரிந்தெடுத்தாலும் அவர்களுக்குரிய பலன்களில் ஒன்றாவது அணிக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. தனியாக ஆடும்போது அந்தப் பங்கு பொட்களுக்குப் போகிறது. அவற்றுக்கு அதனால் மகிழ்ச்சி உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

கடின நிலைக்கு ஏறினால் நிலைமை வேறு. எளிய நிலையில் பொட்களே பாதி வேலையை முடித்துவிட, ஒரு படி மேலே போனதும் அவை எதற்கும் பதில் சொல்லாமல் விழத் தொடங்குகின்றன. நடுவில் ஒரு படியே இல்லாததுபோல இருக்கும். இந்த இடைவெளி நால்வராக ஆடியவர்களையும் வெளியான காலத்தில் அலுக்கவைத்தது, ஆனால் அவர்களுக்குப் பேசித் திட்டமிடும் வாய் இருந்தது.

கதையாவது தாங்கிப்பிடித்ததா என்றால் அதுவும் இல்லை. புழுவொன்று பரப்பிய தொற்றில் மக்கள் பிணமாக நடக்கிறார்கள், ஃபோர்ட் ஹோப் என்ற கோட்டையில் மிஞ்சியவர்கள் ஒதுங்கியிருக்கிறார்கள், 'கிளீனர்' எனப்படும் நம்மவர்கள் வெளியே போய்ச் சுட்டுத் துப்புரவு செய்கிறார்கள். இதற்கு மேல் தனியாளை நிறுத்தி வைத்துக் கேட்கச் சொல்லும் கதை இங்கே இல்லை. நான்காம் பாகம் என்று ஒன்று இருக்கிறது, ஒரே ஓர் அத்தியாயந்தான், ஒரு பெரும் பூதத்தோடு ஒரு சண்டை. தனியாட்டம் என்றால் குறைந்தது பாத்திரங்களின் பேச்சையாவது பொறுமையாகக் கேட்கலாம் என்று எண்ணினேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் அதே பேச்சை நாலாவது முறையும் கேட்பதற்குள் நமக்கே ஒப்பித்துவிடலாம்.

துப்பாக்கிகளைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை. என்னிடமுள்ள பழைய 1050 டிஐ கிராபிக்ஸ் அட்டையிலும் படம் திணறாமல் ஓடியது. ஒவ்வொரு துப்பாக்கியும் கையில் வேறு கனத்தோடு இருக்கிறது, சுட்டது பட்டதா படவில்லையா என்பது காதுக்கே தெரிகிறது. மலைப்பாதையில் இரவு நடந்து பழகியவனுக்கு, இருட்டில் எந்தத் திசையிலிருந்து காலடி வருகிறது என்று ஒலியால் சொல்லும் விளையாட்டின்மீது ஒரு மரியாதை வரும். இந்த அருமையான துப்பாக்கிகளைக் கொண்டு, ஒருவருக்கென்றே அளந்து கட்டிய ஐந்தாறு அத்தியாயங்களைத் தந்திருக்கலாமே என்ற ஏக்கந்தான் இதனால் கூடுகிறது.

2022இல் மூன்று விரிவாக்கங்கள் விலைக்கு வந்தன. ஏப்ரலில் வந்த முதலாவதை மட்டும் வாங்கினேன். டொலர் 200 ரூபாவிலிருந்து 300ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த அந்த மாதத்தில் வாங்கியதற்காகத் தம்பி இன்றும் திட்டுகிறான். புதிய இடங்களும் புதிய பூதங்களும் அதில் உண்டு, தனியாளுக்கென்று மாற்றியமைத்த எதுவும் இல்லை. 2023 தொடக்கத்தில், இனிமேல் இந்த விளையாட்டுக்குப் புதிய பகுதிகள் வரப்போவதில்லை என்று உருவாக்கியவர்களே அறிவித்துவிட்டார்கள். ஆகவே தனியாட்டம் இன்று எப்படி இருக்கிறதோ அப்படியேதான் இருக்கும்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வெட்டுப்படாத இணைப்பும், ஒரே நேரத்தில் ஓய்வாக இருக்கும் மூன்று நண்பர்களும் உங்களிடம் இருந்தால், பாதி விலைக்கும் கீழே வரும்போது வாங்குங்கள். ஒரே கணினியில் திரையைப் பிரித்து இருவர் ஆடும் வசதி இதில் இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது போன தீபாவளிக்குத் தம்பி வந்திருந்தபோதுதான் உறைத்தது. இருவரும் ஒரே காம்பரா அறைக்குள் இருந்துகொண்டு, ஓர் அத்தியாயம் அவன், ஓர் அத்தியாயம் நான் என்று மாறி மாறி ஆடினோம். மூன்றாவது அத்தியாயத்தில் அவன் மௌஸைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணே, பழசைப் போடுங்க" என்றான். 'லெஃப்ட் 4 டெட் 2' இன்னும் அதே கணினியில்தான் இருக்கிறது. அம்மா கூப்பிடும் வரைக்கும் அதைத்தான் ஆடினோம்.